புள்ளி வைத்த வாய்வு

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊருக்கு அவள் சீட்டக்கா. வந்தவர் என்ன தொந்தரவென்று வாயைத் திறப்பதற்குள் பாதிச் சீட்டை எழுதிவிடுவாள். இருமிக்கொண்டு வந்தவர் இரண்டாவது இருமலை மருத்துவர் அறை வாசலில்தான் இருமுவார். அவள் பேனாவின் வேகத்தைப் பார்த்துத்தான் தலைக்கு மேலே மின்விசிறி வெட்கப்பட்டு மெதுவாகச் சுற்றுகிறது என்பார்கள். உண்மையான காரணம் மின்பணியாளருக்குத் தெரியும். அதை விடுங்கள்.

அப்பேர்ப்பட்ட பேனா ஒரு திங்கட்கிழமை காலையில் நின்றுபோனது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு அரசாங்க உறைகளைப் பிரித்துப் பதிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.

முதல் கடிதம் தண்ணீரைப் பற்றியது. மாநிலத்திலேயே வாயுத் தொல்லை அதிகம் பதிவாவது இந்த நிலையத்தில்தான். குடிநீரில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். ஆகவே நிபுணர்கள் வந்து சோதிப்பார்கள். ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டுப் போயிருந்தார்கள். குழாயில், கிணற்றில், மேல்தொட்டியில், ஏன், எதிரே இருந்த டீக்கடைக் கெட்டிலில்கூடத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் மீது ஒரு குற்றமும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதை நம்பாமல் மறுபடியும் வருகிறார்களாம்.

இரண்டாவது கடிதம் செவ்வாய் மேடத்தைப் பற்றியது. பன்னிரண்டு சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகர் ஒருவர் உட்காருவது என்று ஒரு வருடத்துக்கு முன்னால் சோதனையாக ஆரம்பித்திருந்தார்கள். இங்கே அவர் வருவது செவ்வாய்க்கிழமை என்பதால் அவர் செவ்வாய் மேடம். அடுத்த நிதியாண்டில் இதற்குப் பணம் ஒதுக்கத் தேவையில்லை என்று கருதப்படுகிறது. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த இந்த நிலையத்தில் ஆண்டு முழுவதும் பதிவான மனநல நோயாளிகள் சுழியம். அந்தப் பணத்தில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாம். மறுப்பு இருந்தால் வரும் வியாழக்கிழமை நிதிக்குழு முன் வந்து சொல்லலாம்.

சுழியம் என்ற சொல்லைச் சீட்டக்கா விரலால் மூடிக்கொண்டாள். அந்தச் சுழியத்தைப் பெற்றெடுத்து வளர்த்தவளே அவள்தான்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே தபால்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்தே காட்டியாயிற்று.

"கேட்டைத் தொட்டா மூச்சு நின்னுடுது, அக்கா" என்றார் ஜன்னலில் குனிந்து.

"நாயா தம்பி?"

"நாய் இல்லாத வீட்டுலயும்தான்."

அப்போதிருந்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். மனப்பதற்றம் என்று பதியச் சொன்னார். பதிவேட்டில் அது அறுபத்தொன்றாம் குறியீடு. அதற்குத் தனிப் படிவம், எட்டுப் பக்கம், கடைசியில் பாதுகாவலர் கையெழுத்து. தபால்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாதுகாவலரா? நான் என்ன சந்தையில தொலைஞ்ச பிள்ளையா? இது வெளிய தெரிஞ்சா நான் தெருவுல வந்ததும் குழந்தைங்களை உள்ள கூப்பிட்டுப்பாங்க. எனக்கு ஒண்ணுமில்லை சார். வாயு. வாயுன்னே போடுங்க."

வாயு பதினான்காம் குறியீடு. படிவம் கிடையாது, கையெழுத்து கிடையாது, யாரும் முகத்தைச் சுளிக்கவும் மாட்டார்கள். சீட்டக்கா போட்டாள். அடுத்த வாரம் தபால்காரரின் சித்தி வந்தாள், வாயு என்று. பிறகு இரண்டாவது பிரசவத்துக்குப் பின் பேச்சே வராமல்போன ஒரு பெண்ணை அவள் மாமியார் கூட்டிவந்தாள், அதுவும் வாயுதான். போகப்போகப் பெரிய டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வயித்துல இருக்கறதும் வாயு, மனசுல இருக்கறதும் வாயுன்னா யாருக்கு அஞ்சு நிமிஷம், யாருக்கு அரை மணி நேரம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மறுநாள் முதல் அவருக்குத் தெரிந்தது. வயிற்றுக்காரர்களுக்குச் சீட்டக்கா 'வாயு' என்று எழுதினாள். மனசுக்காரர்களுக்கு 'வாய்வு' என்று எழுதினாள், ய் மேல் பளிச்சென்று ஒரு புள்ளி வைத்து. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கண்ணுக்குத்தான் வேறு. டாக்டர் முதல் சீட்டைப் பார்த்து, கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப் குதிக்கும்படி சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த இருவருக்குள்ளேயே இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய், பிறகு காலமும் ஆகிவிட்டார். அடுத்தடுத்து வந்தவர்கள், பாவம் இந்த அம்மாவுக்கு எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். மாவட்ட அலுவலகத்தில் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பெண்ணோ நல்ல தமிழ் படித்தவள். எல்லாவற்றையும் 'வாயு' என்று திருத்தி ஏற்றினாள். வினையே அதுதான்.

செவ்வாய் மேடம் வந்தபோது சீட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்பூசிக் குளிர்பெட்டி இருந்த சிறு அறையில் எடை பார்க்கும் கருவியை ஓரம் தள்ளி இரண்டு நாற்காலி போட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் குளிர்பெட்டி உடம்பை உதறிக்கொண்டு சத்தம் போடும். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அது முடியட்டும் என்று நிறுத்தி, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள். புள்ளி வைத்த சீட்டெல்லாம் செவ்வாய்தோறும் அந்த அறைக்குப் போயின. ஊரிலும் பேச்சுப் பரவியது: "வாயுவுக்குன்னு ஒரு மேடம் வந்திருக்காங்க. வயித்தைத் தொடவே மாட்டாங்க. பேசியே கரைச்சிடுவாங்க."

மேடம் தன் குறிப்புகளைத் தன் பையில் பூட்டிவைத்தார். எண்ணிக்கை பதிவு ஜன்னலிலிருந்து தானாக ஏறிவிடும் என்று நம்பினார். ஏறத்தான் செய்தது, பதினான்காம் குறியீட்டில்.

*

டாக்டரம்மா இளையவள், இரண்டு வருடமாகத்தான் இங்கே. கடிதத்தை மூன்று முறை படித்தாள்.

"சுழியமா? போன செவ்வாய்கூட வராந்தா நிறைஞ்சு இருந்துச்சே! எவனோ கணக்கைத் தின்னுட்டான் அக்கா."

சீட்டக்கா உறையை இரண்டாக மடித்தாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எட்டு மாதமும் ஓடிவிடும். புள்ளியின் கதை தெரிந்தவர் உயிரோடு இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகள் போய்விடும். பேச்சு வராமல்போன அந்தப் பெண்ணின் தங்கை, இப்போது அதே நிலையில், போன வாரம்தான் முதல் தடவையாகக் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எவனும் இல்ல, டாக்டரம்மா" என்றாள். "நான்தான்."

சொல்லி முடித்தபோது டாக்டரம்மாவின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "அக்கா! அரசாங்கப் பதிவேட்டுலயா? பதினேழு வருஷமா? நான் உங்களுக்குத் தமிழ் வராதுன்னு நினைச்சேன்!"

"அப்படி நினைச்சதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்."

டாக்டரம்மா பதிவேட்டை இழுத்துப் புரட்டிப் புள்ளிகளைத் தேடினாள். பிறகு கதவைச் சாத்தினாள். "புள்ளியை எண்ணினா எத்தனை பேருன்னு தெரிஞ்சுடும் இல்லையா? வியாழக்கிழமை நீங்க வந்து இதைச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஆனா சொன்னா..."

"தெரியும். வேலைக்கும் ஆபத்து வரும், ஓய்வூதியத்துக்கும் வரும்."

"கட்டாயப்படுத்த மாட்டேன் அக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதாவது! அன்று மாலை பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று நான்கு முறை தொட்டுப் பார்த்தாள். நான்கு முறையும் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். தெருவில் மெய்ப்புக்காரர் என்றால்தான் தெரியும். அச்சகம் மூடிய பிறகும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காதவர். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எது கையில் கிடைத்தாலும் திருத்திவிடுவார். கல்யாணமே நின்றுபோகும் அளவுக்கு ஒரு முறை மாப்பிள்ளை பெயரைத் திருத்தினார் என்பது கொஞ்சம் மிகை. சண்டை மட்டும்தான் வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது: "வாய்வு பிழையே இல்லையே. ரெண்டும் வழக்குல உண்டு."

"வேலை போகுமான்னு கேட்டா இலக்கணம் சொல்றீங்க!"

"பயமா இருக்கா?"

"இல்ல, திருவிழாவுக்குப் போற மாதிரி இருக்கு."

அவர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். "எண்ணுறதுக்கு ஆள் வேணும்ல? நான் வர்றேன். எழுத்து வித்தியாசம் பார்க்க என்னை விட்டா யாரு?"

*

மறுநாள் மாலையும் அதற்கடுத்த மாலையும், நோயாளிகள் போன பிறகு, பதிவு அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். பெயர்கள் வெளியே தெரியக்கூடாது என்று செவ்வாய் மேடம் கண்டிப்பாகச் சொன்னார். மெய்ப்புக்காரர் அட்டையை நீளமாக வெட்டி, தொந்தரவு எழுதும் பத்தி மட்டும் தெரியும்படி ஒரு சன்னல் வைத்தார். அந்த அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்து மேலிருந்து கீழே இழுப்பார். "வாயு. வாயு. சளி. வாய்வு. காயம். வாய்வு, வாய்வு." டாக்டரம்மா கோடு போடுவாள்.

"என் வாழ்க்கையில முதல் தடவையா திருத்தாம எண்ணுறேன். விரல் அரிக்குது" என்றார் அவர்.

கடந்த ஒரு வருடத்தில் மட்டும் புள்ளி அறுநூற்று நான்கு. எண்ணைக் கேட்டதும் சீட்டக்காவுக்குப் பெருமை வரவில்லை. இவ்வளவு பேரையும் தன் பேனா நுனியில் ஒளித்துவைத்திருந்தோமா என்று பேனாவைத் தள்ளி வைத்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவேடுகளிலும் நாலைந்தை எடுத்தார்கள். பதினொரு வருடத்துக்கு முந்தைய ஏடு ஒன்றில் அட்டை ஒரு பக்கத்தில் வழுக்கி விழுந்தது. மெய்ப்புக்காரர் அதை எடுத்து வைக்கவில்லை. எண்பத்து நாலாம் பக்கம். அவர் பெயர். அவர் வயது. எதிரே வாய்வு. புள்ளியோடு.

அச்சகம் மூடிய வருடம் அது. ஏதோ நெஞ்சை அடைக்கிறது என்று அவர் சொல்ல, சீட்டக்காதான் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். வாரம் ஒரு முறை, எட்டு வாரம்.

"எனக்கு வாயுன்னுதானே சொன்னே?"

பக்கத்து அறையில் குளிர்பெட்டி உடம்பை உதறிக்கொண்டது. டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்து மூடினாள்.

"வாய்வுன்னு சொன்னேன்" என்றாள் சீட்டக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "நீங்க சரியா கேக்கல."

அவர் அட்டையைப் பழையபடி வைத்தார். "அடுத்தது" என்றார். ஆனால் அன்று வீடு போய்ச் சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை. பதினொரு வருடம் ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறாரா? சீட்டக்காவுக்கு நிதிக்குழு கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று. வேறொரு பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

*

நிதிக்குழு கூடிய மண்டபத்தில் நாற்காலிகள் எல்லாம் மிக மெத்தென்று இருந்தன. பழக்கமில்லாததால் சீட்டக்கா நுனியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஒரு பக்கம், மேடம் மறுபக்கம். பதிவேட்டு மூட்டையைச் சுமந்துவந்த மெய்ப்புக்காரர் பின்வரிசையில். காலையிலும் அவர் அதிகம் பேசவில்லை. மூட்டைக்கு மட்டும் இரண்டு முடிச்சு போட்டார்.

நிதி அதிகாரி சுழியத்தை வாசித்தார். வாயு எண்ணிக்கையை வாசித்தார். சுத்திகரிப்புக் கருவியின் படத்தைச் சுவரில் காட்டினார். கருவி என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சீட்டக்கா எழுந்தாள். புள்ளியின் கதையைச் சொன்னாள். எதிர்பார்த்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எதிர்பாராத இடத்தில் ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

குழுத் தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். "இது வெறும் எழுத்துப்பிழை இல்லைன்னு எப்படி நம்புறது? இப்ப வந்து எதை வேணா சொல்லலாமே."

"ஐயா, அந்த ஏடுகள்ல வேற ஒரு பிழை காட்டுங்க. நான் உட்கார்ந்துடுறேன்."

நிதி அதிகாரி ஒரு ஏட்டை இழுத்துக்கொண்டார். புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். டீ வந்து ஆறிப்போகும்வரை புரட்டிவிட்டு ஏட்டை மெதுவாக மூடினார்.

"பிழை இல்லைன்னே வச்சுக்குவோம்" என்றார் தலைவர். "அப்ப தெரிஞ்சே அரசாங்கப் பதிவேட்டுல தப்பா எழுதியிருக்கீங்க. அதோட விளைவு தெரியுமா?"

"எழுதறப்பவே தெரியும் ஐயா." தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "அவங்களை மறைச்சாதான் டாக்டர்கிட்ட வருவாங்கன்னு மறைச்சேன். இப்ப அந்த மறைப்பாலதான் அவங்க அறை போகுது. பல்லுக்கு நாற்காலி கொடுத்திருக்கீங்க, கண்ணுக்கு விளக்கு கொடுத்திருக்கீங்க. இதுக்கு மட்டும் தடுப்பூசிப் பெட்டிக்குப் பக்கத்துல இரவல் இடம். அதுவும் வாரத்துல ஒரு நாள். தனியா போய்ப் பார்க்க வசதி இருக்கறவங்க எங்க ஜன்னலுக்கு வர்றதே இல்லைங்க. வர்றவங்களுக்கு அரசாங்கம் ஒரு நாற்காலி போடலைன்னா வேற யாரு போடுவா?"

தலைவர் மேஜையை விரலால் தட்டினார். "அறுநூத்துச் சொச்சம் பேருங்கறீங்க. ஒருத்தராவது வந்து, ஆமா, எனக்கு வந்தது வயித்துக் கோளாறு இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?"

"நோயாளிங்களைக் கூட்டிட்டு வந்து காட்ட முடியாது சார்" என்றார் செவ்வாய் மேடம். "அது அவங்க சொந்த விஷயம்."

"அப்ப ஆதாரம் இல்லை."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ கனைத்தார். சீட்டக்கா திரும்பவில்லை. அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும்.

"நான் ஒருத்தன்" என்றார் மெய்ப்புக்காரர். "பதினொரு வருஷத்துக்கு முன்னால. எண்பத்து நாலாம் பக்கம். என் பேரை நானே சொல்றேன், அதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது." சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுக்கொண்டார். "வேலை போனதுக்கப்புறம் பார்க்கற எழுத்தெல்லாம் எனக்குப் பிழையாத் தெரிஞ்சுது. கடைப் பலகை, பஸ் பலகை. கடைசியில கண்ணாடியில நானும். அந்தப் பெரிய டாக்டர் எட்டு வாரம் என்கூட உட்கார்ந்து பேசினார். வாயுவுக்கு வைத்தியம்னு நினைச்சுதான் போனேன். வேற பேரு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். போகலைன்னா இன்னைக்கு இந்த மூட்டையைத் தூக்க ஆள் இருந்திருக்காது. எனக்கே இது நேத்துதான் தெரியும்."

உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். "அந்தச் சுத்திகரிப்புக் கருவிப் படத்துல 'சுத்திகரிப்பு'க்கு ப் விட்டுப்போயிருக்கு."

*

முடிவைக் கடிதத்தில் சொல்வோம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம். அதற்குள் புள்ளியின் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. தபால்காரர் தெருமுனையில் தலையைக் காட்டும்போதெல்லாம் சீட்டக்கா இல்லாத கோப்பைத் தேடினாள். வீட்டில் மெய்ப்புக்காரர் பேச ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை எனக்கு ஏதாவது வந்தா புள்ளியை என்கிட்டயும் சொல்லிடு." அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தார். நிலையத்துக் கேட்டைத் தானே திறந்துகொண்டு, மூச்சு வாங்காமல், இரண்டு உறைகளை ஜன்னலில் வைத்தார். நரைத்துவிட்டது அவருக்கும்.

முதல் உறை: பன்னிரண்டு நிலையங்களிலும் ஆலோசகர் இன்னும் இரண்டு வருடம் தொடர்வார். அறுபத்தொன்றாம் குறியீட்டுக்குத் தனிப் படிவமும் பாதுகாவலர் கையெழுத்தும் இனி வேண்டாம். அதற்குப் பிறகு நிதியை மறுபடி பரிசீலிப்பார்கள்.

இரண்டாவது உறை அவளுக்கே. பதிவேட்டில் தொடர்ந்து தவறான தகவல் எழுதியது குறித்துப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். பகல் சாப்பாடு கொண்டுவந்த மெய்ப்புக்காரர் அதை வாங்கி நின்றபடியே படித்தார்.

"மூணு பிழை இருக்கு. திருத்தட்டுமா?"

"வேண்டாம். எண்ணி மட்டும் வைங்க."

தபால்காரர் இன்னும் போகவில்லை. பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். "எனக்கும் ஒரு சீட்டு, அக்கா. திரும்ப ஆரம்பிச்சிருக்கு."

"என்னன்னு எழுத, தம்பி?"

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "புள்ளி வச்சு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "வேண்டாம். உள்ளதையே எழுதுங்க."

சீட்டக்கா அறுபத்தொன்று என்று எழுதிக் கொடுத்தாள். ஓய்வூதியம் என்னாகுமோ என்ற நினைப்பு மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அது மூன்று வாரமாகவே போவதும் வருவதுமாக இருந்தது. செவ்வாய் மேடம் உட்கார்ந்திருந்த குளிர்பெட்டி அறையின் கதவு திறந்துதான் இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று வரிசையிடம் சொல்லிவிட்டு இன்னொரு சீட்டை இழுத்து, அதிலும் அறுபத்தொன்று என்று போட்டாள். பெயர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு, சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் அந்தப் பெயரை, ஒரு புள்ளிகூட விடாமல் எழுதினாள்.